மஞ்சள் வைத்த செக்

ஜூலை 14, ஞாயிறு

தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். ரங்கசாமி மாமாவும் சுப்புராஜ் அண்ணனும் முன்னறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றிய பேச்சுக்கு நான் தேவைப்படவில்லை.

முடிவு இதுதான். ஆடி பிறக்கப்போகிறது, ஆடியில் அனுப்பக் கூடாது. ஆவணி முதல் ஞாயிறு சாத்தூரிலிருந்து வந்து என்னை அழைத்துப்போவார்கள். அதாவது ஆகஸ்ட் 18. அதுவரை கோவில்பட்டியில் அம்மாவோடு இருந்துகொள்ளலாம்.

சாத்தூர் என்றால் என் வீட்டுக்காரர். அவர் பெயரை எழுத மனமில்லை, ஊரை எழுதிக்கொள்கிறேன். கல்யாணமாகி ஆறு வருடம். வைகாசியில் ஒரு பையோடு கிளம்பி வந்துவிட்டேன். ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள். “பிடிக்கல” என்றேன். பிடிக்கவில்லை என்பது இந்த வீட்டில் ஒரு காரணமே இல்லை.

“நான் போகமாட்டேன்” என்று அடுப்படியிலிருந்தே சத்தமாகச் சொன்னேன்.

“போகாம என்ன செய்வ தாயி? யாரு சோறு போடுவா?” என்றார் மாமா. கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, “உனக்குன்னு ஒரு வேலை இருந்தா நான் ஏன் செண்பா போன்னு சொல்லப்போறேன்?” என்றான்.

சரி. முப்பத்தைந்து நாள் இருக்கிறது. செண்பகவல்லி வேலை தேடுவாள்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. மாடியில் காய்ந்த சேலையைக் காற்று நாலு வீடு தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டது. அதைத் தேடி எடுத்துவந்ததுதான் இன்றைக்கு நான் செய்த வேலை.

ஜூலை 20, சனி

பள்ளிக்கூடத்தில் பி.எட். கேட்டார்கள். ஜவுளிக்கடையில் இருபத்தைந்து வயதுக்குள் வேண்டுமாம், எனக்கு முப்பத்திரண்டு. கல்யாணத்துக்கு முன்னால் நான் டைப் அடித்த ஆடிட்டர் ஆபீஸில், “இந்த ஆறு வருஷமா என்ன செஞ்சீங்க?” என்று கேட்டார்கள். உயிரோடு இருந்தேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

மகளிர் வேலைவாய்ப்பு வாட்ஸப் குழுவில் ஒரு விளம்பரம். பெங்களூர்க் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை, ஆர்டர் பட்டியல்களைச் சரிபார்க்க வேண்டும், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். விவரத்தை அனுப்பிய பத்தாவது நிமிடம் பதில் வந்துவிட்டது. ஆடிட்டர் ஆபீஸில் தண்ணீர் கொடுக்கவே அதைவிட நேரமானது.

ஜூலை 22, திங்கள்

இன்டர்வியூ முடிந்தது. முகம் பார்க்கவில்லை, குரலும் கேட்கவில்லை, எல்லாம் வாட்ஸப்பில் எழுத்துதான். பிரவீன் என்பவர் கேட்டார். பி.காம். என்றேன், சரி என்றார். டைப்பிங் தெரியும் என்றேன், சரி என்றார். பாங்கில் என் பேரில் மட்டும் கணக்கு உண்டா, கூட்டுக்கணக்கா என்று கேட்டார். என் பேரில் மட்டும்தான், கல்யாணத்துக்கு முன் தொடங்கியது என்றேன். “வெரி குட் மேடம்” என்று பூங்கொத்து படம் அனுப்பினார். படிப்பைவிட அதற்குத்தான் அவருக்குச் சந்தோஷம் அதிகம்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அப்படி ஒரு கணக்கு இருப்பது சாத்தூருக்கே தெரியாது.

ஜூலை 24, புதன்

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

ஐந்து பக்கக் கடிதம். நீல முத்திரை. மாதம் இருபத்தெட்டாயிரம். அண்ணன் டியூப்லைட்டுக்கு அடியில் நின்று இரண்டு தடவை படித்தான், பிறகு பிரின்ட் எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனான். திரும்பி வந்து, “வேலை நிஜம்னா ஆவணிப் பேச்சை விட்டுருவோம்னு மாமா சொல்லிட்டாரு” என்றான். அவன் முகத்திலும் ஒரு நிம்மதி இருந்தது. என்னை அனுப்புவதில் அவனுக்கும் இஷ்டமில்லை போலிருக்கிறது. அதை ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

அம்மா கேசரி கிண்டினாள். நான் வழித்துச் சாப்பிட்டேன்.

ஜூலை 27, சனி

சேர்க்கைப் பாரம் நிரப்பினேன். ஆதார், பான், போட்டோ, வெள்ளைத்தாளில் மூன்று கையெழுத்து. கணவர் பெயர், கணவர் போன் நம்பர் என்று ஒரு கட்டம். விட்டுவிட்டு அடுத்த பக்கம் போகப் பார்த்தேன், விடவில்லை. நிரப்பித் தொலைத்தேன்.

பிரவீன் சார் முதல்முறையாகப் போனில் பேசினார். இதமான குரல். வலது காதில் வைத்தேன், கேட்கவில்லை, இடது காதுக்கு மாற்றிக்கொண்டேன். அந்தக் காது அப்படித்தான். லேப்டாப்பும் பிரின்டரும் வாங்கக் கம்பெனியே செக் அனுப்புமாம். அதை நான் பாங்கில் போட்டுவிட்டு, அவர்கள் சொல்லும் கடைக்காரருக்குப் பணத்தை அனுப்பினால் பொருள் வீட்டுக்கே வந்துவிடுமாம்.

ஜூலை 30, செவ்வாய்

கூரியரில் செக் வந்தது. எண்பத்தைந்தாயிரம். என் பெயர் அச்சடித்திருந்தது. கம்பெனி பெங்களூர், செக்கில் இருந்ததோ வடக்கே ஏதோ ஓர் ஊர் அரிசி ஆலையின் பெயர். கேட்டேன். “அது எங்க குரூப் கம்பெனி மேடம்” என்றார். பணக்காரர்களுக்கு எத்தனையோ கம்பெனி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆடிச் செவ்வாய். அம்மா காலையிலேயே தலைமுழுகி விளக்கேற்றியிருந்தாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் செக்கை அம்மன் படத்தடியில் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டாள். புதுச் சேலை, புது நோட்டு, கல்யாணப் பத்திரிகை, எது வீட்டுக்குள் வந்தாலும் அவளுக்கு மஞ்சள் வைக்காமல் கை நிற்காது.

“அம்மா! இது செக்கும்மா!”

“இருக்கட்டும். முதமுதல்ல உன் பேருக்கு வந்துருக்கு. வெறுமனயா கொண்டுபோறது?”

துடைத்துப் பார்த்தேன். துடைக்கத் துடைக்க அடியில் இருந்த வெள்ளைப் பட்டை முழுக்க மஞ்சளானதுதான் மிச்சம்.

ஜூலை 31, புதன்

பாங்கில் செக் போடும் மெஷின் என் செக்கை மூன்று தடவை துப்பிவிட்டது. கவுன்ட்டருக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஓர் அம்மா, பெயர்ப் பலகையில் ஜெபசெல்வி என்றிருந்தது, செக்கைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“செக்குக்கு யாரும்மா மஞ்சள் வெச்சது?”

“எங்கம்மா.”

“அடியில நம்பரே தெரியல. மெஷின் எப்படி எடுக்கும்? கம்பெனில வேற செக் கேளுங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்து கவுன்ட்டர்க்காரரும் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவோடு சண்டை போட்டேன். என் பிழைப்பையே கெடுத்துவிட்டாய் என்று கத்தினேன். அவள் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள்.

பிரவீன் சாரிடம் சொன்னதும் அவர் குரல் மாறிவிட்டது. “கவுன்ட்டருக்கு ஏன் போனீங்க? மெஷின்லதானே போடச் சொன்னேன்? அவங்க எதுவும் கேட்டாங்களா? வேலைன்னு சொன்னீங்களா?” கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். புது செக் இன்றே கிளம்பிவிட்டதாம். ஆனால் கடைக்காரரின் தள்ளுபடி நாளையோடு முடிகிறதாம். அறுபதாயிரத்தை நான் என் கையிலிருந்து அனுப்பிவிட்டால், செக் வந்ததும் எடுத்துக்கொள்ளலாமாம். இல்லையென்றால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடுமாம்.

என் கையில் ஏது? அப்பா போட்ட இரண்டு வளையல் இருக்கிறது. சாத்தூர் எனக்கு மிச்சம் விட்டது அது மட்டும்தான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

வளையலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அதே பாங்குக்குப் போனேன். நகைக்கடனுக்கு டோக்கன் 14. ஏழாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். பிரவீன் கூப்பிட்டான்.

முதலில் தேனாகப் பேசினான். “உங்க நல்லதுக்குத்தான் மேடம் சொல்றேன்.” பிறகு, “உங்களுக்காக மேனேஜர்கிட்ட எவ்வளவு பேசியிருக்கேன், என்னை இப்படி அசிங்கப்படுத்துறீங்களே.” பிறகு, “வீட்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க, நமக்குள்ளயே இருக்கட்டும்.” நகைக்கடன் வரிசையில் இன்னும் ஏழு டோக்கன் இருக்கிறது என்றேன். பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. “மூணு மணிக்குள்ள பணம் வரலன்னா என் கோபம் உங்களுக்குத் தெரியாது” என்றான். பிறகு மெதுவாக, ரொம்ப அன்பாக, “சாப்பிட்டீங்களா?” என்றான்.



இந்தப் பேச்சு எனக்குத் தெரியும். வரிசைகூட மாறவில்லை. உன் நல்லதுக்கு. உன்னால் எனக்கு அவமானம். வெளியே சொல்லாதே. என் கோபம் தெரியாது. நாலு வருடத்துக்கு முன் தீபாவளிக்கு முதல் நாள், வலது காதில் விழுந்த அறையில் நான் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, காதுக்குள் ரீங்காரம் அடங்காமல் இருந்தபோது, சாத்தூர் பக்கத்தில் வந்து குனிந்து இதே குரலில்தான் கேட்டார், “சாப்பிட்டியா?” நான் அன்று தலையாட்டினேன். எழுந்து அவருக்குச் சோறும் போட்டேன். அந்தக் காது அதற்குப் பிறகு கேட்கவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டில்கூட இன்றுதான் எழுதுகிறேன்.

போனை அணைத்தேன். பதினாலாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து ஜெபசெல்வி மேடத்திடம் போனேன். செக், கடிதம், வாட்ஸப் எல்லாவற்றையும் அவர் முன்னால் வைத்தேன். “மேடம், இது நிஜமா?”

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடிதத்தைப் படித்தார். செக்கில் இருந்த கிளைக்குப் போன் போட்டு இந்தியில் பேசினார். அந்தக் கணக்கை மூடி நாலு வருடமாகிறதாம். யாரோ தொலைத்த பழைய செக் புத்தகம்.

“நேத்தே நான் கேட்டிருக்கணும்மா, சிரிச்சிட்டு விட்டுட்டேன்” என்றார். “செக்கைப் போட்டதும் உங்க போனுக்கு ஒரு மெசேஜ் வரும். செக் வாங்கிக்கிட்டோம்னுதான் அதுக்கு அர்த்தம். பணம் வந்துருச்சுன்னு இல்ல. பாஸாக ஒருநாள் ரெண்டுநாள் ஆகும். அந்த இடைவெளியிலதான் உங்ககிட்ட கறந்துருவாங்க. செக் திரும்பி வரும்போது அவன் இருக்கமாட்டான்.” கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டி, “வேலை குடுக்கிறவன் நமக்குத்தாம்மா பணம் தரணும். நம்மகிட்ட எதுக்குக் கேக்கான்?” என்றார்.

இவ்வளவு சின்னக் கேள்வி. பி.காம். படித்த எனக்குத் தோன்றவில்லை. அம்மா மஞ்சள் வைக்காமல் இருந்திருந்தால் மெஷின் செக்கை விழுங்கியிருக்கும், மெசேஜைப் பார்த்துவிட்டுப் பணம் வந்துவிட்டது என்று துள்ளியிருப்பேன், அது கைக்கு வரும்வரை உன் கையிலிருந்து அனுப்பு என்று அவன் அவசரப்படுத்த நேற்றே வளையல் போயிருக்கும்.

அங்கேயே உட்கார்ந்து சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். ஆதார், பான் கொடுத்ததையும் சொன்னேன். வெளியே வந்து வளையல் இரண்டையும் கையில் மாட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அழுதேன். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

ஆகஸ்ட் 3, சனி

வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டான். ஒப்பந்தத்தை மீறிவிட்டேனாம், கோர்ட் நோட்டீஸ் வருமாம், ஜெயிலாம்.

“எந்த ஜெயிலுடா? பஸ் நம்பரைச் சொல்லு, நானே வந்துருதேன்” என்றேன்.

“மரியாதையா பேசுங்க மேடம்.”

“சம்பளம் குடுத்தியா மரியாதை குடுக்க?”

அம்மா வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், காதையும் சேர்த்து. அவள் என் வலது காதைக் கையால் மூடி, திறந்து, மூடி, திறந்து பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். மத்தியானம் வரை வெளியே வரவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

அந்தப் பாரத்தில் நிரப்பித் தொலைத்தேனே, கணவர் நம்பர். பிரவீன் அங்கே கூப்பிட்டு, “உங்க மனைவி நகையை அடகு வெச்சுப் பணம் அனுப்பறேன்னு சொல்லிக் கம்பெனியை ஏமாத்திட்டாங்க” என்று சொல்லியிருக்கிறான். சாத்தூர் என் அண்ணனுக்குப் போன் போட்டுச் சிரித்தாராம். வெளியே விட்டால் இப்படித்தான் யாரிடமாவது ஏமாந்து நிற்பாள், நான் அடக்கி வைத்ததற்குக் காரணம் இப்போது புரிகிறதா என்று கேட்டாராம்.

அண்ணன் வந்து இதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவே இல்லை. “பேச்சு பழையபடிதான் செண்பா. பதினெட்டாம் தேதி வாராங்க.”

“நான் ஏமாறலயே. ஒத்த ரூபா போகல.”

“வேலையும் இல்லைல்ல?”



ஆகஸ்ட் 6, செவ்வாய்

அம்மா ஒரு யோசனை சொன்னாள். மாமாவிடம் மட்டும் வேறு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடலாமாம். மாட்டேன் என்றேன். பொய் வேலையால் ஒரு தடவை பட்டதே போதும், நானே இன்னொன்றை அச்சடிக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 7, புதன்

அதே வாட்ஸப் குழுவில் அதே விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது. கம்பெனி பெயர் மட்டும் வேறு. பற்றிக்கொண்டு வந்தது. செக் போட்டோ, கடிதம், அவன் நம்பர்கள் எல்லாவற்றையும் போட்டு, “இது மோசடி. பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்” என்று எழுதினேன். மூன்றே நிமிடத்தில் அழித்துவிட்டு என்னையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நல்லவேளை, குழுவில் இருந்தவர்களின் நம்பர்களை எல்லாம் முதலிலேயே எழுதி வைத்திருந்தேன். அறுபத்து மூன்று பேருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். விரல் மரத்துப்போனது.

எட்டயபுரத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். செக் நேற்றுத்தான் வந்ததாம், நாளைக்கு பாங்குக்குப் போக இருந்தாளாம். “அக்கா, அவரு ரொம்ப நல்லா பேசுனாருக்கா” என்றாள். நல்லாத்தான் பேசுவான் என்றேன்.

நான் நல்லது செய்தேன் என்று எழுதவில்லை. எனக்குக் கோபம். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

வேலையில் சேர்ந்துவிட்டேன்.

விளம்பரம் எதையும் பார்க்கவில்லை. கடலை மிட்டாய் கம்பெனி ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். நாலாவது இடத்தில் பேக்கிங் செய்ய ஆள் வேண்டும் என்றார்கள். உள்ளே போய் அடுப்பைப் பார்த்தேன், மேஜையைப் பார்த்தேன், அங்கே உட்கார்ந்திருந்த பெண்களிடம் சனிக்கிழமை சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன். சூப்பர்வைசர் கனி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“நான் ஏதாவது கட்டணுமா?” என்று கேட்டேன்.

“தலையில துணி கட்டணும். முடி விழக்கூடாது.”

பி.காம். மிட்டாய் மடிக்கிறாள் என்று தெருவில் சொல்வார்கள். சொல்லட்டும்.

ஆகஸ்ட் 17, சனி

முதல் வாரச் சம்பளம். என் கணக்கில் போட்டுவிட்டேன். நாளைக்கு வருகிறார்கள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வந்தார்கள். சாத்தூர், அவர் அம்மா, சித்தப்பா. தட்டில் பூ, பழம், ஒரு சேலை. ரங்கசாமி மாமா நடுவில் உட்கார்ந்தார். அண்ணன் கதவோரம் நின்றான். யாராவது வந்தால் காபி போட முதலில் எழுந்திருக்கும் அம்மா, இன்று என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே இல்லை.

நான் அடுப்படியில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

“என்ன தாயி, கிளம்பலாமா?” என்றார் மாமா.

“வரல மாமா.”

“அந்த வேலைதான் இல்லைன்னு ஆயிருச்சே.”

“ஆமா மாமா, அது மோசடி. நான் நம்பினேன். உங்க எல்லார்கிட்டயும் பெருமையாவும் சொன்னேன். இப்ப மிட்டாய் கம்பெனில இருக்கேன். அந்தச் சம்பளத்துல பாதிகூடக் கிடையாது. அது இல்லாமப்போனாலும் நான் வரமாட்டேன். வேலை இருக்குன்னு நான் இங்க இருக்கல. அங்க போனா இன்னொரு காதும் போயிரும், அதுக்காக இருக்கேன்.”

மாமாவுக்குப் புரியவில்லை. “காதா?” என்றார். அம்மாதான் சொன்னாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே நிதானமாக, தீபாவளிக்கு முதல் நாள் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். என்னைவிட நன்றாகச் சொன்னாள். அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சாத்தூர் சிரித்தார். எல்லாரையும் பார்த்து ஒரு சுற்றுச் சிரிப்பு. “மாமா, ஒரு கை பட்டுருச்சு, குடும்பம்னா இருக்கும். இவளுக்கு ஆள் தெரியாது மாமா. யாருன்னே தெரியாத ஒருத்தன் போன்ல பேசுனதை நம்பி வளையலை அடகு வைக்கப் போனவ. இவளை எதை நம்பி வெளிய விடுவீங்க?” பிறகு என் பக்கம் திரும்பி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வா செண்பகம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

ஆறு வருடத்தில் அவர் முகத்தை நான் நேராகப் பார்த்தது குறைவு. இன்று பார்த்தேன்.

“சரிதான். எனக்கு ஆள் தெரியாமத்தான் இருந்துச்சு” என்றேன். “அவனைக் கண்டுபிடிக்க எனக்குப் பன்னிரண்டு நாள் ஆச்சு. உங்களைக் கண்டுபிடிக்க ஆறு வருஷம் ஆச்சு. கண்டுபிடிச்சுட்டேன்ல?”

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணன்தான் முன்னால் வந்தான். பூத்தட்டை எடுத்து சாத்தூரின் கையில் கொடுத்தான்.

“வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்புங்க மாப்ள” என்றான்.

அவர்கள் போன பிறகு அம்மா காபி போட்டாள். நாலு பேரும் குடித்தோம். மாமா போகும்போது என் தலையில் கை வைக்க வந்தவர், என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டு, “வேலை எத்தனை மணிக்கு?” என்று மட்டும் கேட்டார்.

எட்டரைக்கு.